அப்பாவின் வயிற்றில் போட வேண்டிய ஊசி

மதிப்புக்குரிய தேசாங்கா அத்தைக்கு நெவேனா எழுதுவது. கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். தொலைபேசியில் பேசினால் அப்பா அடுத்த அறையிலிருந்தே இரண்டு பக்கப் பேச்சையும் கேட்டுவிடுகிறார். உங்கள் முழங்கால் தேவலையா? நீஷில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் நலம். அவரால் அம்மாவும் நலமில்லை, இருவராலும் நானும்.

அப்பாவின் முதுகெலும்பு நோய்க்கு உங்கள் வீட்டுக்கு எதிரேயுள்ள ஆஸ்பத்திரியில் எட்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ் ஏற்றுவார்களே, இனி அது கிடையாதாம். அந்த அறையை மூடுகிறார்கள். அதே ஆன்டிபாடி மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே வயிற்றுத் தோலுக்கடியில் குத்திக்கொள்ளச் சொல்லி இரண்டு ஊசி கொடுத்தனுப்பினார்கள். அப்பா மாட்டேன் என்கிறார். போட வேண்டிய நாள் தாண்டிவிட்டது. போன குளிர்காலத்தில் மருந்து வராதபோது அம்மாதான் அவருக்கு ஷூ கயிறு கட்டிவிட்டார். இன்று காலை சாக்ஸ் மாட்டும்போது, நாங்கள் பார்க்கக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பி மூச்சு வாங்கினார்.

"நரம்புல ஏத்தினாத்தான் மருந்து. கொழுப்புல குத்தினா கொழுப்புதான் குணமாகும்" என்கிறார். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் மருந்தியலில், நான்தான் என்பதால் விளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. படித்தேனே தவிர எனக்குப் பேச வராது. காலமெல்லாம் பிரோட் பாதையில் பஸ் ஓட்டியவருக்கு பஸ்ஸை வைத்தே சொல்லலாம் என்று நினைத்தது என் தவறு. ரத்த நாளத்தில் ஏற்றினால் எக்ஸ்பிரஸ், மொத்த மருந்தும் உடனே ரத்தத்தில் இருக்கும். தோலுக்கடியில் போட்டால் இந்த மருந்து பருத்த ஆள், ரத்தக்குழாயின் சின்னச் சந்துகளில் நுழையாது, நிணநீர்ப் பாதையில் ஊர் ஊராக நின்று சில நாள் கழித்துத்தான் சேரும் என்றேன்.

"எல்லாரும் போய்ச் சேருவாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. "நாலுல ஒருத்தர் போல வழியிலேயே நின்னுடுவாங்கப்பா. அதுக்கும் சேர்த்துத்தான் அளவு வச்சிருக்காங்க."

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "என் வண்டியில ஒரு ஆளு தொலைஞ்சதுண்டா? நிஷாவா ஆத்துல வெள்ளம் வந்தப்பகூட அத்தனை பேரையும் அவங்க கோழியோட கொண்டுபோய்ச் சேர்த்தவன்டி நான்!"

இத்துடன் விட்டதா? பக்கத்து வீட்டு சிர்கோ மாமா வந்து, "குடிச்சுத் தொலையேன்யா" என்றார். இந்த மருந்தும் ஒரு புரதம்தான், குடித்தால் வயிறு அதை முட்டையைப்போல் செரித்துவிடும் என்றேன். "அப்ப முட்டையே போதுமே" என்று இருவரும் அம்மாவிடம் ஆம்லெட் கேட்டார்கள். பிறகு மாமா, குத்தின இடத்தில் பிளம் சாராயம் தேய்த்துச் சூடான செங்கல் வைத்தால் மருந்து ஓட்டமாய் ஓடும் என்று வீட்டிலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்தார். தேய்ப்பதற்குள் அது இருவர் உள்ளேயும் போய்ச் சேர்ந்துவிட்டது, எக்ஸ்பிரஸாக. இதற்கிடையில் அம்மா, குளிரில் வைக்கச் சொன்னார்களே என்று ஓர் ஊசியை ஃப்ரீசரில் பன்றி விலாவுக்கு நடுவே வைத்துவிட்டார். உறைந்தால் இந்த மருந்து கெட்டுவிடும். "வெந்நீர்ல போட்டா இளகிடாதாம்மா?" என்று அழுதார். மிச்சம் ஒன்றுதான். ஃப்ரிட்ஜில் மிளகாய் விழுதுப் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் காவல் இருக்கிறேன்.

அத்தை, நீங்கள் அக்கா. உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். தோல் வழியாகவும் மருந்து சேரும் என்று ஒரு அதட்டுப் போடுங்கள். வேறொன்றும் வேண்டாம். உங்கள் கைகளை முத்தமிட்டு, ஆசி வேண்டி,

நெவேனா

பி.கு.: மேலே கேட்ட அதட்டல் இனி வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெதுவாப் போவும், ஆனா போய்ச் சேரும். அதானே? நீ சொன்ன அன்னிக்கே புரிஞ்சிடுச்சும்மா."

"அப்புறம் ஏம்ப்பா?"

"ஆஸ்பத்திரியில எங்கூட டிரிப்ஸ் ஏத்திக்குவாங்களே, டிஹோமிர் ஒரு ஊரு, போஜா ஒரு ஊரு. ஒரே வியாழக்கிழமை மூணு பேருக்கும் கையில குழாயை மாட்டி உக்கார வச்சாத்தான் பேச்சே வரும். வீட்ல ஒரு நிமிஷத்துல குத்திக்கிட்டு, அப்புறம் நான் யார்கிட்ட சீட்டுல தோக்குறது?"

அவர்கள் இருவரும்கூட இன்னும் போட்டுக்கொள்ளவில்லையாம். அத்தை, யாரையும் உட்காரவிடாமல் பூவிரிப்புப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த முன்னறையை இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன் இவர்களுக்குத் தருவீர்களா? ஷூவை வாசலிலேயே கழற்றவைப்பது என் பொறுப்பு, ஊசியும் நானே போடுகிறேன். இந்த வியாழனே வரலாமா?