அஞ்சிலிருந்து எண்ணும் மாஸ்டர்

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் தலைமையக வாசலில் நிற்கும்போதுகூடக் கால் நடுங்காத தமிழர்களை நான் பலெர்மோவில் கண்டிருக்கிறேன். அஞ்சாறு மாஸ்டருக்குப் பயப்படாத ஒரு தமிழரை இன்றுவரை கண்டதில்லை. அவர் யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். பார்த்தார் என்றால் நீங்கள் அடுத்த ஆட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சிசிலித் தீவின் முதல் தமிழ் ஜாஸ் நடன அமைப்பாளர் அவர். அவருக்கு முன்னர் ஒருவரும் இருக்கவில்லை. பின்னரும் ஒருவரும் துணியவில்லை. எங்கள் பிள்ளைகள் பரதம் பழகுவார்கள், நத்தார் ஒளிவிழா வந்தால் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். இவர் வந்து தோளைத் தனியாகவும் இடுப்பைத் தனியாகவும் ஆட்டச் சொன்னார். "தோள் ஆடேக்கை இடுப்புக்கு அது தெரியக்கூடாது" என்பது அவருடைய வேதவாக்கு. எந்த ஆட்டத்தையும் "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணித்தான் தொடங்குவார். முதல் நாலும் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் வந்த பெயர்தான் அஞ்சாறு. தமிழில் அஞ்சு என்றால் பயப்படு என்றும் பொருள் உண்டு. பெயர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கவேண்டும்.

ஆள் மன்னார்ப் பக்கம். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவார். மற்ற மாதங்களில் ஒரு நடனப் பள்ளியைத் துப்புரவாக்கும் வேலை. அங்கே ஒருநாள் மாணவன் ஒருவன் வராமல் வரிசையில் ஓட்டை விழ, ஆசிரியை இவரைப் பிடித்து அதில் நிறுத்தினாராம். தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டுப் போனவர், பிறகு அந்த வரிசையைவிட்டு வெளியே வரவேயில்லை.

ஒருமுறை கபோ சந்தையில் மீன் வாங்க நின்றபோது எனக்கு ஜாஸ் விளக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றிவிட்டது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இடது தோளை மட்டும் படபடவென்று ஆட்டிக் காட்டினார். மீன்காரர் வலிப்பு என்று பயந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் மாஸ்டரைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். படுத்தபடியே வலது தோளை ஆட்டி, "தம்பி, இது மற்றப் பக்கம், வடிவாப் பார்" என்றார். நான் அவரைத் தெரியாதவன்போலப் பக்கத்துக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

ஒருமுறை சியாகுல்லித் தோட்டத்துக்கு மண்டரின் பழம் ஆயும் கூலிவேலைக்கு எல்லோருமாகப் போனோம். அங்கேயும் விடவில்லை. தான் எண்ண எண்ண எல்லோரும் ஒன்றாகக் கையை உயர்த்தவேண்டும் என்றார். உயர்த்தினோம். தோட்டக்காரர் வேலைநிறுத்தம் என்று நினைத்து வெலவெலத்துப்போய், எல்லோருக்கும் கோப்பி வாங்கித் தந்தார். குடித்துவிட்டு மறுபடி உயர்த்தினோம்.

இதெல்லாம் சிரிக்கிற பயம். போன ஒளிவிழாவுக்கு வந்தது வேறு பயம். அப்பாமாரும் மகள்மாரும் சேர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றை மாஸ்டர் அறிவித்தார். என் மகள் றொஷானி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, எல்லாற்றை அப்பாமாரும் வருகினம். நீங்கள் வராட்டி நான் மேடையிலை தனிய நிக்கோணும். சோலா. கபீத்தோ? விளங்குதோ?"

அவளுக்குப் பதினாலு வயது. என்னோடு தெருவில் நடக்கவே வெட்கப்படுகிற வயதில் என்னோடு ஆடக் கேட்கிறாள். இந்த முறை மாட்டேன் என்றால் இனி எதையுமே கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஓம் என்றேன்.

பங்கு மண்டபத்தில் முதல் ஒத்திகை. மாஸ்டர் அப்பாமாரை வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு முன்னால் நடந்து வந்தார். என்னிடம் வருமுன்னரே நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் வந்து கதவைத் தட்டினார்.

"தம்பி, வயித்துக் குழப்பமோ?"

"இல்லை மாஸ்டர். என்னாலை வரிசையிலை நிக்க ஏலாது."

சண்டைக் காலத்தில் ஊரில் ஒருமுறை ஆமிக்காரர் எங்களைக் கோயில் வளவில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் சிலரைத் தனியே கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்றவனும் போனான். மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத இந்தக் கதையை, அன்றைக்குக் கழிப்பறைக் கதவுக்குச் சொன்னேன்.

ஆள் போய்விட்டார் என்று நினைத்தேன்.

"அதுதான் தம்பி, நான் ஒண்டிலையிருந்து எண்ணுறேல்லை," என்றது குரல். "துடக்கத்திலை ஒண்டு, ரண்டு எண்டுதான் எண்ணினனான். எல்லாற்றை முகமும் வெளிறிப்போச்சு. என்ரையும்தான்."

"உலகத்திலை ஜாஸ் ஆடுற எல்லாரும் அஞ்சிலைதானே துடங்கிறவை, மாஸ்டர்?"

"ஓம். அவையும் எங்கையோ பயந்திருப்பினம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்தேன்.

ஒத்திகையில் எப்படியோ சமாளித்தேன். விழா அன்று முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மண்டபத்து விளக்கை அணைத்தபோது முன்வரிசையில் இருந்த அருட்பணிச் சபைத் தலைவரே எனக்குப் பேயாகத் தெரிந்தார். வெளிச்சத்திலும் அவர் கிட்டத்தட்ட அப்படித்தான் என்பது வேறு விஷயம். பாட்டுத் தொடங்கியது. மற்ற அப்பாமார் அசைந்தார்கள். என் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. றொஷானி என்னை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றாள். அந்தக் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் மேடைக்கு வந்தார்.

அதுவரை அவரை மேடையில் கண்டவர் எவருமில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் மாலை வாங்கக்கூட வரமாட்டார். நாங்கள் அதைத் தலைக்கனம் என்று கதைத்தோம். வந்தவர் எனக்குப் பக்கத்தில், வரிசையில் நின்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை ஐஸ்போலக் குளிர்ந்து வேர்த்து, என் கையைவிட மோசமாக நடுங்கியது.

"அஞ்சு," என்றார். என் கையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "ஆறு, ஏழு, எட்டு" என்றார்.

நான் மகளின் கையைப் பிடித்தேன். ஆடினோம். என் தோள் ஆடியது என் இடுப்புக்கு மட்டுமல்ல, மண்டபம் முழுவதற்கும் தெரிந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. றொஷானியும் சிரித்தாள். நான் கையை விடவில்லை, அவளும் விடவில்லை.

திரை மூடியது. மற்றவர்கள் இறங்கிப் போனார்கள்.

"மாஸ்டர், முடிஞ்சுது. கையை விடுங்கோ."

"கொஞ்சம் பொறு தம்பி. நடுக்கம் நிக்கட்டும்."

றொஷானி சுற்றிப் போய் அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் எல்லோரையும் பயமுறுத்திய அந்த மனிதரில் எனக்கு அப்படியொரு பாசம் வந்தது. அவரை நடுவில் வைத்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.