அம்சவேணிக்குப் போர்த்திய பொன்னாடைகள்

ஒரு காட்டில் மழைக்குப் பஞ்சம், புல்லுக்குப் பஞ்சம், பொன்னாடைக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. அங்கே அம்சவேணி என்றொரு முயல் இருந்தது. பிறந்ததிலிருந்தே பின்னங்கால் இரண்டும் வராது. சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, முன்னங்காலால் உந்திச் சர்ரென்று போகும். ஆமையோடு பந்தயமெல்லாம் வைக்காது, அதற்கு வேறு வேலை இருந்தது.

"எங்களுக்கும் வேலை கொடு, எங்க வளையில எங்களை இருக்க விடு" என்று காடு முழுக்கக் கோஷம் போடுவதுதான் அந்த வேலை. கால் வராதவை, கண் தெரியாதவை எல்லாவற்றையும் கரடி நடத்தும் அன்பு இல்லத்தில் போட்டு வைத்திருந்தார்கள். பொழுது சாயும் முன்பே தூங்கிவிட வேண்டும். தினமும் கஞ்சி. கேரட் கேட்டால், "உனக்கெதுக்கும்மா அதெல்லாம், செரிக்காது" என்று கரடி தலையைத் தடவும். அந்தத் தடவலைத்தான் அம்சவேணியால் தாங்கவே முடியவில்லை.

காட்டு அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலை காலியானது. காது நீளம், வாய் அதைவிட நீளம், நமக்கென்றே வைத்த வேலை என்று முயல் கிளம்பியது. சம்பளம் வந்தால் சொந்தமாக ஒரு வளை பிடித்துவிடலாம். அலுவலகமோ பாறை உச்சியில், ஏறப் படிகள்தான்.

"மேல வந்து பேசும்மா" என்றது செயலாளர் நரி.

"சாய்தளம் போடுங்க, வர்றேன்."

"அதுக்கெல்லாம் நிதி இல்லம்மா. உன் தன்னம்பிக்கையைப் பாராட்டி வேணும்னா ஒரு விழா வைக்கலாம்."

வைத்தார்கள். குரங்குகள் முயலைப் பலகையோடு மேலே தூக்கிப் போயின. சிங்கராஜா பொன்னாடை போர்த்தி, போட்டோவுக்கு நின்று, கண் கலங்கினார். மேலே வந்ததுதான் வந்தோம் என்று முயல் வேலையைக் கேட்டது.

"இன்னைக்கு விழா, ஆபீஸ் லீவு. நாளைக்கு வா" என்றது நரி.

நாளைக்குப் போனால் குரங்குகளுக்கு லீவு. திரும்பவும் கோஷம் போட்டால் திரும்பவும் விழா. இப்படியே வருஷங்கள் ஓடின, பொன்னாடைகள் குவிந்தன, வேலை மட்டும் வரவில்லை.

ஒருநாள் அம்சவேணிக்குப் பொறுமை போய்விட்டது. பொன்னாடைகளை மூட்டை கட்டி இழுத்து வந்து படிக்கட்டின் கீழே கொட்டியது. "நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று ராஜாவுக்குப் பிறந்தநாள். நரிக்குத் தலைகால் புரியவில்லை. ஆகா, ராஜா நடந்து வர விரிப்பு கிடைத்ததே என்று படிக்குப் படி பொன்னாடையை விரித்துவிட்டது. அத்தனையும் வழவழவென்ற மட்டப் பட்டு. ராஜா கம்பீரமாக முதல் அடி வைத்தார். அடுத்த அடியைக் கீழே வந்துதான் வைத்தார், அதுவும் முதுகால்.

கால் ஒடிந்தவர் எங்கே போவார்? அன்பு இல்லத்துக்குத்தான். கரடி அவர் பிடரியைத் தடவிக்கொண்டே நரியிடம் கேட்டது: "ராஜா கஞ்சி குடிப்பாரா?"

"என்னைக் கேளுய்யா" என்று உறுமினார் ராஜா.

"பாவம், கோவம் வருது. தூங்க வைங்க" என்றது கரடி.

அம்சவேணி மிச்சமிருந்த ஒரே பொன்னாடையோடு உருண்டு வந்து ராஜாவுக்குப் போர்த்தியது. "இந்த நிலைமையிலயும் சிரிச்ச முகமா இருக்கீங்களே. உங்களைப் பார்த்துத்தான் நாங்க கத்துக்கணும்."

சிங்கம் விம்மி விம்மி அழுதது. "பொன்னாடை வேணாம் தாயே. நான் என் குகைக்குப் போகணும், வேலைக்குப் போகணும்."

"அதைத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்ற முயல், மறக்காமல் பொன்னாடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

மறுநாளே யானைகள் வந்து சாய்தளம் போட்டன. நிதி எங்கிருந்தோ ஓடி வந்தது. அம்சவேணி தானாகவே உருண்டு மேலே போய்ப் போனை எடுத்தது. முதல் சம்பளத்தில் வளை பிடித்து, நினைத்த நேரத்தில் கேரட் தின்று, விடியும்வரை தூங்காமல் இருந்தது, சும்மாதான். அன்பு இல்லத்திலிருந்து கண் தெரியாத ஆந்தையும் பின்னாலேயே வேலைக்கு வந்து சேர்ந்தது.

ராஜாவுக்குக் கால் சரியானது. "இனி சாய்தளம் எதுக்கு? இடிச்சுடலாமா ராஜா?" என்று நரி கேட்டது.

அம்சவேணி போனை வைத்தது. மேஜைக்கு அடியிலிருந்து பொன்னாடையை எடுத்து நிதானமாக உதறி மடித்தது. ராஜா படியைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார்.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நீதி: உரிமையைக் கேட்டால் பொன்னாடை கிடைக்கும், பொன்னாடையைச் சரியான படியில் போட்டால் உரிமை கிடைக்கும்.