டெம்பர் என்னும் நற்பண்பு

சக்கரத்துக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான பொருள், விசாரணைக் குழுதான் என்பதில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவரை அலுவலகத்தில் ‘அகராதி’ என்றுதான் அழைப்பார்கள். மரியாதையா, கேலியா? அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் ஆராயாமல் விட்டிருந்தார்.

வரவேற்பறைப் பெண்ணின் புகார் சுருக்கமானது: ‘மேலாளருக்கு டெம்பர் அதிகம். நேற்று ஸ்டேப்ளரை என் மேல் எறிந்தார்.’ நெற்றியில் பிளாஸ்திரியோடு அவளே வந்து கொடுத்தாள்.

குழுத் தலைவரான கணக்கு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

“ரெண்டாவது வரி வெறும் சம்பவம். முதல் வரிதான் குற்றச்சாட்டு. டெம்பர்னா என்னய்யா?”

அகராதி தடித்த புத்தகத்தைக் குழந்தையைப் போல இறக்கிவைத்தார்.

“லத்தீன் வேருங்க. சரியான அளவுல கலக்குறதுன்னு அர்த்தம். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி எல்லாம் உடம்புல அளவா கலந்திருந்தா அதுதான் நல்ல டெம்பர். அதாவது சமநிலை.”

“அப்ப டெம்பர் அதிகம்னா?”

“சமநிலை அதிகம்.”

“அடேங்கப்பா!”

“இரும்பைப் பதப்படுத்துறதுக்கும் இதே சொல்தான். போன்ல ஒட்டுற டெம்பர் கிளாஸும் இந்தக் குடும்பம்தான்.”

“நம்ம ஆபீசுக்கே அவரு ஒரு டெம்பர் கிளாஸுய்யா!” என்று தலைவர் தழுதழுத்தார். ‘புகார்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘பாராட்டுரை’ எனத் திருத்தப்பட்டது. மேலாளருக்குச் சட்டமிட்ட சான்றிதழ். மேலதிகாரியை மனம் திறந்து பாராட்டியதற்காக வரவேற்பறைப் பெண்ணுக்குக் கைதட்டல்.

அவள் அகராதியை மாடிப்படியில் மடக்கினாள்.

“அண்ணே, கோபம்னு ஒரு அர்த்தம் அதுல இல்லவே இல்லையா?”

“இருக்கும்மா. ஆனா அது பிற்காலப் பொருள்.”

“என் நெத்தியில பட்டது எந்தக் காலத்துப் பொருள்ணே?”

அகராதி புத்தகத்தை இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலாளரின் மேசையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அது ஆராய்ச்சியை எள்ளளவும் பாதிக்கவில்லை.

அடுத்த வாரமே இரண்டாவது புகார் வந்தது. இம்முறை அவள் ஆங்கிலத்தை அண்டவே விடவில்லை: ‘மேலாளர் என்னை அடித்தார்.’

குழு அவசரமாகக் கூடியது. அவளையும் உட்காரவைத்தார்கள்.

“நல்ல தமிழ்!” என்று பாராட்டிவிட்டுத் தலைவர் கேட்டார்: “அகராதி, ‘அடி’க்கு வேர் என்ன?”

அகராதி அவள் முகத்தைப் பார்த்தார். கன்னம் வீங்கியிருந்தது. பிறகு மேலாளர் அறைக் கதவைப் பார்த்தார். அது லேசாகத் திறந்திருந்தது.

“அடின்னா... பாதமுங்க. செய்யுள்ல வர்ற வரியும் அடிதான்.”

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாதம் பட்டிருக்கா! கொடுத்துவச்ச பொண்ணும்மா நீ.”

அவள் எழுந்தாள். அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். தலைவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவரு கையாலதான் அடிச்சாரு. அது வீங்கும், வத்திரும். நீங்க அதுக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லி அடிக்கிறீங்களேண்ணே, அது எப்பண்ணே ஆறும்?”

அவள் போன பிறகு, பழக்கதோஷத்தில் அகராதி புத்தகத்தைப் பிரித்தார். அந்தக் கேள்விக்கு அவர் எவ்வளவு புரட்டியும் வேறு பொருள் கிடைக்கவில்லை.