ஒருசந்தி நாளில் நாமக்கோழி

நான் ஒரு பரம பக்தரைப் பாவத்தில் தள்ளியவன். வேண்டுமென்றே தள்ளவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு மனிதருடைய ஆத்துமத்துக்கும் தன்னுடைய கலியாணத்துக்கும் ஒரே பந்தியில் உலை வைத்தவன், பாகூர் கொம்யூன் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் என்னைத் தவிர வேறு எவனும் கிடைக்க மாட்டான்.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தைந்து வயது. பாகூரில் கிளார்க் உத்தியோகம், டெரிலின் சட்டை இரண்டு, தலையில் கால் படி எண்ணெய். (அப்போது தலையில் முடியும் இருந்தது.) முந்தின வருஷம் வில்லியனூர் மாதா கோயில் தேரில் பிலோமினாவைப் பார்த்ததிலிருந்து புத்தி பேதலித்துத் திரிந்துகொண்டிருந்தேன். வீட்டில் அடம்பிடித்துப் பெண் கேட்டு ஆள் அனுப்ப வைத்தேன். அவளுடைய அப்பா ஞானப்பிரகாசம், "பையன் வேல செய்யிற எடத்துக்கே வந்து பாக்கிறேன்" என்று பதில் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வருகிறாராம்.

அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். கரும்பு விவசாயம், காலையில் பூசை, சாயந்திரம் செபமாலை, நடுவில் சிரிப்பு கிடையாது. எனக்கு முன்னால் பெண் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை ஒருவன், பூசையில் நன்மை வாங்க வெறும் வயிற்றோடு போக வேண்டிய வழியில் மல்லாட்டை தின்றான் என்பதற்காகத் தள்ளுபடி ஆனவன். (எத்தனை வேர்க்கடலை என்று தெரியவில்லை. இரண்டு என்றுதான் பேச்சு.) போதாக்குறைக்கு அது தபசு காலம், பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். வெள்ளிக்கிழமை அவருக்கு ஒருசந்தி, அதாவது நாள் முழுக்க ஒரே வேளைச் சாப்பாடு. அதிலும் சுத்தபோசனம். இறைச்சி கூடவே கூடாது, மீன் ஆகும்.

மீன் ஆகும் என்றதும் எனக்குக் கன்னியம்மாக்கா ஞாபகம் வந்துவிட்டது.

பாகூர் ஏரிக்கரை மேல் ஒரு கீற்றுக் கொட்டகை, உட்காரப் பனங்கட்டை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எதிரே ஏரி. தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் அக்கரை கண்ணுக்குத் தெரியாது. எங்கிருந்தோ வந்த பறவைகள் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். சாப்பிட வந்தவன் கையைக் கழுவிவிட்டு உட்கார மறந்து நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே ஒரே ஒரு சட்டம்: இன்னா இருக்குது என்று கேட்கக் கூடாது. கேட்டால், "ஏரி இன்னா குடுத்துதோ அது இருக்குது, குந்து" என்பாள் அக்கா. கெளுத்தி, குறவை, விரால் என்று தினமும் ஏதோ ஒரு மீன். அந்தக் குழம்பை முதன்முதலாக வாயில் வைத்த அன்று நான் ஆபீசுக்குத் திரும்பிப் போகவில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை, அதுதான் சத்தியம்.

புதன்கிழமையே போய்ச் சொன்னேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஒரு பெரிய மனுஷரக் கூட்டியாறேன். என் வாழ்க்கையே அவர் கையிலதான் இருக்குது. விசேஷமா செய்யிக்கா."

"நீ போ கிளார்க்கு, நான் பாத்துக்கிறேன்."

தபசு காலம் என்று சொன்னேனா? இல்லை. சுத்தபோசனம் என்று சொன்னேனா? அதுவும் இல்லை. எட்டு மாதமாக மீனைத் தவிர வேறெதையும் அந்தச் சட்டியில் நான் பார்த்ததில்லையே! மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற கன்னியம்மாக்காவுக்கு எங்கள் தபசு எப்படித் தெரியும்? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டாமா மடையா!

வெள்ளிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினார் ஞானப்பிரகாசம். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. "வாங்க மாமா" என்றேன். எதற்கு இந்த அவசரம் என்பதுபோல மேலும் கீழும் பார்த்தார். ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஆண்டவரே!" என்றார். எனக்குத் தெம்பு வந்தது.

இலை போட்டாள் அக்கா. அவர் நெற்றியில் சிலுவை வரைந்து நீளமாக ஒரு செபம் சொன்னார். சோறு வந்தது, மேலே குழம்பு வந்தது. மாங்காய் மிதக்கும் சிவந்த குழம்பு. அவர் ஒரு வாய் வைத்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண் ரொம்ப நேரம் திறக்கவில்லை. மாரடைப்போ என்று பயந்துபோனேன். அப்புறம் திறந்து, "உம்" என்று ஒரு சத்தம் கொடுத்து, குனிந்தவர்தான். ஒரு மனிதர் அவ்வளவு பயபக்தியோடு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

கலியாணம் முடிந்தது, பத்திரிகை அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நானும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். பல்லில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் கால். முட்டி வைத்த, முழுசான கால்!

மீனுக்குக் கால் ஏது? கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்கு ஓடினேன்.

"அக்கா, இது இன்னாக்கா?"

"நாமக்கோழி. நெத்தியில வெள்ளையா நாமம் போட்டுக்கினு நீந்துது பாரு, அதான். பெரிய மனுஷர்னு சொன்ன, வெறும் கெண்டையா போடச் சொல்ற? விடியலுக்கே ஆளவுட்டுப் புடிச்சாரச் சொன்னேன். ஏன், நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது..."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சி இப்பிடிப் போவுது?"

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொன்னால் பிலோமினா போனாள். சொல்லாவிட்டால் அவருடைய ஒருசந்தி போச்சு, பாவம் என் தலையில். இரண்டுக்கும் நடுவில் நான் எடுத்த வீரமான முடிவு என்ன தெரியுமா? என் இலையிலிருந்த எலும்புகளை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டெரிலின் சட்டை, வெள்ளைச் சட்டை. பை சிவந்து நெஞ்சில் குண்டு பட்டவன் மாதிரி ஆகிவிட்டேன். ஈ ஓட்டுவதுபோல ஒரு கையால் அதை மறைத்துக்கொண்டேன்.

அவர் இலையிலுள்ள எலும்பை எப்படி எடுப்பது என்று எட்டிப் பார்த்தேன். அங்கே எலும்பே இல்லை! மூன்றாவது முறை சோறு வாங்கிவிட்டார், குழம்பு நாலு கரண்டி ஆகிவிட்டது, இலை துடைத்துவிட்டதுபோல இருந்தது. அடேயப்பா, எலும்பையும் சேர்த்து மென்று விழுங்குகிறாரே, இது பல்லா பாறையா என்று வாயைப் பிளந்தேன். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு மருமகனாகும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஏரியில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. செத்துப்போனவர்களின் சொந்தக்காரர்கள்.

சாப்பாடு முடிந்தது. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ்ஸுக்கு நடந்தோம். அக்காவின் கடை நாய் இரண்டும் பின்னாலேயே வந்தன. ஒன்று என் நெஞ்சை நோக்கித் தாவியது, எதிர்பார்த்ததுதான். இன்னொன்று அவருடைய குடையைக் கவ்வியது. "சீ, போ!" என்று அவர் இழுக்க, நாய் விடவில்லை. இழுத்த இழுப்பில் குடை தலைகீழாகக் கவிழ்ந்து, சடசடவென்று எலும்புகள் ரோட்டில் கொட்டின. ஒரு கோழிக்குக் குறையாது.

இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் வந்தது. என் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறிப் போனவர், திரும்பியே பார்க்கவில்லை.

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. நான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தேன். பாஸ்குவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதாவது செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். எங்கள் பங்குச் சாமியாரிடம் எந்த முகத்தோடு சொல்வது? தெரிந்தவர் யாரும் வராத கோயிலாகப் பார்த்துப் புதுச்சேரி டவுனுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். ஞானப்பிரகாசம்!

"நீ எங்க இங்க?"

"சும்மா. நீங்க மாமா?"

"நானும் சும்மாதான்."

(பாவசங்கீர்த்தனத்துக்குச் சும்மா வந்த இரண்டு பேர்!) முதலில் அவர் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். பிறகு நான் மண்டியிட்டு, "பாகூர் ஏரிக்கரையில ஒரு கடை, சாமி..." என்று ஆரம்பித்ததும் கிராதிக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. அது இருமல்தானா என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

வெளியே எனக்காகக் காத்திருந்தார்.

"மொதல் வாயிலயே தெரிஞ்சிபோச்சி தம்பி. நிறுத்த முடியில" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது தெரிஞ்சவன் வெளியாளா சுத்திக்கினு இருந்தா எனக்குத் தூக்கம் வராது. நீ எங்க வூட்டு ஆளா ஆயிடு. ஆனா செத்தாலும் வாயத் தொறக்கக் கூடாது."

பாஸ்கு முடிந்த கையோடு கோயிலில் எங்கள் கலியாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படித்தபோது, அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அந்த முரட்டு மனிதருக்கு என்னை எப்படிப் பிடித்தது என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மாமியார் கேட்டதற்கு, "பையன் வாயத் தொறக்க மாட்டான்" என்றாராம். நான் எப்படிப்பட்டவன் என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். தூக்கத்திலும் பேசுகிறவன். கலியாணப் பந்தியில் ஆரம்பித்த சிரிப்பு அது. என் பிள்ளைகள் வரைக்கும், நான் பேச்செடுத்தாலே, "தாத்தா தேடிப்புடிச்ச வாய் தொறக்காத மாப்ள பேசுறாரு, கேளுங்க!" என்பார்கள். நான் பதில் சொன்னதில்லை.

ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து மாமா படுக்கையில் விழுந்தார். ஒருநாள் என்னை அருகில் கூப்பிட்டார்.

"இன்னும் சொல்லலியா?"

"இல்ல மாமா."

"நான் போனப்புறம் சொல்லு. சிரிக்கட்டும். ஆனா அந்தக் கொழம்பு எப்பிடி இருந்துதுன்னும் சேத்துச் சொல்லு. இல்லாட்டி என்னத் தப்பா நெனைப்பாங்க."

அவருடைய முப்பதாம் நாள் சாப்பாட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன். குழம்பைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் சொன்னேன். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். பிலோமினா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தினி வருசமா என்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க?"

"சொல்லல."

அப்புறம் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"எங்கப்பா சரியாத்தான்டா சொன்னாரு."