எழும்பாத விரல்

கூச்சம் நல்ல குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவிருந்த வாட்ச்மேன் வேலையையும் என் மகனுக்குக் கிடைக்கவிருந்த இலவசப் படிப்பையும் என் கூச்சம் ஒரே பந்தில் விழுங்கிவிட்டது.

அடி அண்ணாமலையில் ஹென்றி சார் என்ற ஆங்கிலேயர் வீட்டில் நான் சமையல்காரன். அவர் இங்கிலாந்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். லீவு நாட்களில் தன் மாவட்ட அணிக்காகக் கிரிக்கெட் ஆடியிருக்கிறார், அதுவும் காசு வாங்காமல். (நான் காசு வாங்காமல் வெங்காயம்கூட உரித்ததில்லை.) தினமும் காலையில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே என்னைத் தோட்டத்தில் பந்து போட வைப்பார். அதனால் அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்குக் கிரிக்கெட் சட்டமெல்லாம் அத்துப்படி.

வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வாட்ச்மேன் வேலை காலியாக இருந்தது. "ஏழுமலை ரொம்ப நேர்மை" என்று சார் தன் தமிழில் பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டென்டிடம் சொல்லியிருந்தார். வேலை கிடைத்தால் மகனுக்கு அங்கே ஃபீஸ் கிடையாது. என் மனைவி செல்வி, அந்தப் பள்ளியின் கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணியை அப்போதே வாங்கி வைத்துவிட்டாள்.

பள்ளி விளையாட்டு விழாவில் சாரை ஆட அழைத்தார்கள். அவரோடு போன என்னை அம்பயராக நிறுத்தினார்கள். பி.டி. மாஸ்டர் என்னை ஓரமாக இழுத்தார்.

"யோவ் ஏழுமலை, பேப்பர்காரன் இன்னும் வர்ல. அவன் போட்டோ எடுக்கிற வரைக்கும் வெள்ளைக்காரரை அவுட் குடுத்துடாதய்யா."

"சரிங்க சார்."

முதல் ஓவரைக் கரஸ்பாண்டென்டே போட வந்தார். (வயிறு முன்னால் ஓடி வரும், அவர் பின்னால் வருவார்.) சாரின் மட்டையில் டிக் என்று பட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். கீப்பராகப் பின்னால் நின்ற பி.டி. மாஸ்டர் பந்தைப் பிடித்து, தான் சொன்னதைத் தானே மறந்து, எல்லோரையும்விடச் சத்தமாக "அவுட்டு!" என்று கத்தினார்.

மொத்தப் பள்ளியும் என்னைப் பார்த்தது. கை காட்டக் கூசியே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை எத்தனையோ தடவை விட்டவன் நான். அத்தனை பேர் நடுவில், சோறு போடுகிறவரைப் பார்த்து விரல் எப்படி எழும்பும்? போதாததற்கு மாஸ்டரின் உத்தரவு வேறு.

"நாட் அவுட்டுங்க" என்றேன்.

சார் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "பந்து பட்டது, ஏழுமலை. நான் போறேன்." நடந்தேவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பேப்பர்காரர் வந்து சேர்ந்தார். ஒரே கைதட்டல். கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடுங்கி, "பாத்துக்கோங்க பசங்களா, இதான் நேர்மை!" என்றார். பசங்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கரஸ்பாண்டென்ட் என்னைக் கூப்பிட்டார்.

"பட்டுச்சின்னு அவரே ஒத்துக்கிறாரு. நீ இல்லைன்ற. உன்னை கேட்ல நிக்க வெச்சா, திருடனை உள்ள விட்டுட்டு யாருமே வர்லீங்கன்னுவ."

பக்கத்தில் நின்ற பி.டி. மாஸ்டரைப் பார்த்தேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். (அந்த வேலை பிறகு அவருடைய மச்சானுக்குப் போனது.)

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "ஏன் சார் போனீங்க? நான்தான் நாட் அவுட் குடுத்துட்டேனே?"

"எங்க ஊர்ல பட்டா, நாங்களே போயிடுவோம்" என்றார் சந்தோஷமாக. போனவருக்கு வீட்டில் சாப்பாடு காத்திருந்தது. அதையும் நான்தான் சமைத்து வைத்திருந்தேன்.

மறுநாள் பேப்பரில் அவர் கம்பீரமாக நடந்து வந்தார். ஓரத்தில் ஒரு கை மட்டும் தொங்கியது. அது என்னுடையது.

இன்றும் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகன் ஒற்றை விரலை என் பக்கம் உயர்த்துவான். "அப்பாதாம்மா பாக்கல. கேட்டுப் பாரு, நாட் அவுட்டுங்கன்னுவாரு." செல்வி சிரிப்பாள். பொங்கலுக்கு வந்தால் ஹென்றி சாரும் சிரிப்பார். நானும் சேர்ந்துகொள்வேன்.

சிரித்து முடித்துத் தலையைச் சாய்த்தால், தலையணை உறை கட்டம் போட்டது. செல்வி அந்தத் துணியை வீணாக்கவில்லை.