எஞ்சினை எங்கே வைப்பது?

வருஷத்தில் எட்டு மாதம் கிரிக்கெட் ஆடுகிற கண்மாய்க்கு நான் ஒரு படகு வாங்கினேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைவிடக் கூச்சம் தருவது, அந்தப் படகின் எஞ்சினை உள்ளே வைப்பதா வெளியே தொங்கவிடுவதா என்று நான் மூன்று மாதம் யோசித்தது.

கண்மாய் இருப்பது திருச்சுழிக்குப் பக்கத்தில், என் மனைவி ஈசுவரி பிறந்த ஊரில். நடுவே ஒரு மண் திட்டு, அதில் ஏழெட்டுக் கருவேல மரங்கள். கண்மாய் நிறைகிற வருஷம் கொக்குகள் வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். தண்ணீர் இருக்கும்போது திட்டுக்குப் போக முடியாது. போக முடிகிறபோது கொக்கு இருக்காது. சின்ன வயதிலிருந்து ஈசுவரி அதைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

படகு விஷயத்தில் நான் அவளுக்குப் பழைய பாக்கி. கல்யாணமான புதிதில் ஒரு மலையூர் ஏரிக்குப் போனோம். துடுப்புப் படகில் போவதா, மிதி படகில் போவதா என்று நான் சாதக பாதகங்களை அலசி முடிப்பதற்குள் டிக்கெட் ஜன்னலை மூடிவிட்டார்கள். "அடுத்த தடவை" என்றேன். அந்த அடுத்த தடவைக்கு இப்போது இருபத்திரண்டு வயது.

படகு வாங்கிய வருஷம் ஐப்பசியில் பேய் மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியேறியது. கரையில் நின்று ஈசுவரி சொன்னாள்: "ஒரே ஒரு தடவை கிட்டக்கப் போயி, கொக்குகளக் குஞ்சுகளோட பாக்கணும்ங்க."

ஒரே வாரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பழைய ஃபைபர் படகு வந்து இறங்கியது. (நான் வேகமாக எடுத்த ஒரே முடிவு. காரணம், விற்றவரிடம் இருந்ததே ஒரு படகுதான்.) லோடு வண்டியில் அது அருப்புக்கோட்டை பஜாரைக் கடந்தபோது டீக்கடைக்காரர் ஓடி வந்து கேட்டார்: "ஏதும் புயல் சேதி வந்திருக்கா சார்?"

கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற கருப்பையா எனக்கு மாமா முறை. படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கம்ப வச்சுத் தள்ளுனாப் போயிரும்ல மாப்ள?" என்றார். நான் ஒரு கல்லூரியின் நூலகர். படகுகளைப் பற்றி ஒரு அலமாரி நிறையப் படித்தவன். அவரைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தேன்.

வெளி எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டுவார்கள். ஆழம் குறைந்தால், தண்ணீரைத் தள்ளுகிற காத்தாடியோடு சேர்த்து மேலே தூக்கிக்கொள்ளலாம். உள் எஞ்சின் படகின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும். அடியில் துளை போட்டு ஒரு தண்டை இறக்கி, அதன் நுனியில் காத்தாடியைப் பொருத்துவார்கள். கனம் அதிகம்; கம்பீரமும் அதிகம்.

தூத்துக்குடியில் எஞ்சின் விற்பவர் ஒரே கேள்விதான் கேட்டார். "ஆழம் எவ்வளவு சார்?"

"இப்ப ரெண்டு ஆள் உயரம்."

"பெறகு?"

அந்தப் 'பெறகு' எனக்குப் பிடிக்கவில்லை. "வெளி எஞ்சின் வாங்கிக்கோங்க" என்றார். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன்.

கார்த்திகை முழுக்க யோசித்தேன். கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பியையே உருவிக்கொண்டு போகிற சீமையில், வெளியே தொங்குகிற எஞ்சின் எத்தனை நாள் தொங்கும்? மார்கழியில் பாலவனத்தத்து பம்புசெட் மெக்கானிக் சங்கிலியிடம் போனேன்.

"எஞ்சின வெளிய தொங்கவிடுறதா? அதென்ன வாளியா சார்?" என்றார் சங்கிலி. "நம்மகிட்ட டீசல் எஞ்சின் ஒண்ணு கெடக்கு. அம்பதடிக் கெணத்துத் தண்ணியவே மேல தள்ளுன எஞ்சினு. படகைத் தள்ளத் தெரியாதா அதுக்கு?"

ஒரு அலமாரிப் படிப்பு அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்தது. எங்கள் பக்கம் எஞ்சின் என்றால் தண்ணீரை மேலே கொண்டுவருவது. தண்ணீர் ஏற்கெனவே மேலே இருந்தால் அதை வைத்து என்ன செய்வதென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

சங்கிலி துளை போட்டு, தண்டை இறக்கி, ஒழுகுகிற இடத்தை அடைத்துக்கொண்டிருந்த நாட்களில் கருப்பையா மாமாவின் போன் வந்தபடி இருந்தது.

"மாப்ள, நெல்லு கதிரு வாங்குது. மடையத் தெறந்துட்டேன்."

"ஒரு வாரம் பொறுங்க மாமா."

"அத நெல்லுகிட்ட நீங்களே சொல்லிருங்க."

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஊர் மொத்தமும் கரையில். ஈசுவரி புதுச் சேலை கட்டி, தூக்குவாளியில் எலுமிச்சைச் சாதத்தோடு முன்பலகையில் உட்கார்ந்தாள். சங்கிலி எஞ்சினைச் சுற்றிவிட்டார். டக் டக் டக்கென்று கரும்புகை. படகு நகர்ந்தது! இருபது கெஜம் போயிருப்போம். அப்புறம் எஞ்சின் மட்டும்தான் ஓடியது. காத்தாடி சகதியைக் கடைந்து, பின்னால் நின்று கையசைத்தவர்கள் மேல் அபிஷேகம் செய்தது. இறங்கிப் பார்த்தேன். முழங்கால் தண்ணீர்.

"எஞ்சினத் தூக்கிவிடுங்க சார்!" என்று கரையிலிருந்து ஒரு குரல்.

"ஏலே, அது உள்ளுக்குள்ள இருக்கு! எங்கிட்டுத் தூக்க?" என்றது இன்னொரு குரல்.

ஈசுவரி திட்டைப் பார்த்தாள். பிறகு சேலையை ஏற்றிச் செருகி, செருப்பை ஒரு கையிலும் தூக்குவாளியை மறு கையிலும் எடுத்துக்கொண்டு, இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். (என் இடது செருப்பு இன்னும் அந்தக் கண்மாயில்தான் இருக்கிறது. சங்கிலி மட்டும், ஒரு மாலுமிக்குரிய கடமையுணர்ச்சியோடு, படகை விட்டு இறங்கவில்லை.)

அந்தப் படகு இன்று மாமனார் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதனடியில் கோழிகள் அடைகின்றன. துணிக்கடையில் நான் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால், "என்னப்பா, உள்ளயா வெளியவா?" என்கிறாள் என் மகள். அதற்குப் பிறகு கண்மாய் நிறையவில்லை. தெற்கே மேகம் கறுக்கும்போதெல்லாம் ஈசுவரி கொல்லைப் பக்கம் போய்விட்டு வருகிறாள். கோழியைப் பார்க்கப் போனதாகச் சொல்வாள்.

அன்று திட்டில் சுள்ளிக் கூடுகள் இருந்தன. மரத்தடியில் வெளிர்நீல முட்டை ஓடுகள் உடைந்து கிடந்தன. கொக்கு ஒன்றுகூட இல்லை. நாற்பது வருஷம் தூரத்திலிருந்து பார்த்த மரங்களை அவள் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்கப் பொருத்தமான வாசகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து, என் பங்கை மூடியில் வைத்து நீட்டினாள்.

"கொக்குகளுக்கு எஞ்சின எங்க வைக்கிறதுங்கிற ரோசனை இல்லைங்க. அதான் நேரத்துக்குக் கெளம்பிருச்சுக."