முக்கியமில்லாப் பேச்சுக்கு ஓர் உரிமம்

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் வண்டிக்காரர்கள் சக்கரம் என்பார்கள். சாயாக்கடைக்காரர்கள் நெருப்பு என்பார்கள். இரு தரப்பாரும் தத்தம் சரக்கைத்தான் உயர்த்திப் பேசுகிறார்கள். நடுநிலையாளர்கள் அறிவார்கள்: கோட்டாறு கடைத்தெருவில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு "கேக்குதா?" என்று கேட்க, பத்து மைலுக்கு அப்பால் அஞ்சுகிராமத்தில் இன்னொருவர் "கேக்குது, உங்களுக்குக் கேக்குதா?" என்று திருப்பிக் கேட்க உதவும் பட்டாளத்துக் கம்பியில்லாப் பேச்சுப் பெட்டிதான் அது. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்தில் நேரிலேயே கேட்டுவிடலாம். ஆனால் பஸ்ஸில் போவது விஞ்ஞானம் ஆகாது.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது சில சாமான்களையும் விட்டுப் போனான். நாட்டை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். சாமான்களில் நான்கு பேச்சுப் பெட்டிகளைக் கோட்டாறு கருப்பட்டி மொத்த வியாபாரி தாணுலிங்கம் சென்னை மூர் மார்க்கெட்டில் எடுத்துக்கொண்டார். அன்றே 'நாஞ்சில் நாட்டு ஆகாயப் பேச்சாளர் சபை' உதயமாயிற்று. தலைவர் தாணுலிங்கம். உபதலைவர் அவர் மனைவி அன்னக்கிளியின் தம்பி வைகுண்டராஜன். அஞ்சுகிராமத்தில் கடையும் சரக்குக் கிட்டங்கியும் வைத்திருந்தவர். இருவருக்கும் நடுவே மருந்துவாழ்மலை. ஊருக்கெல்லாம் மருந்து தரும் அந்த மலை இவர்கள் பேச்சுக்கு மட்டும் நோயாகக் குறுக்கே நின்றது. கோட்டாற்றுப் பேச்சு மேற்குச் சரிவில் முட்டி நிற்கும். அஞ்சுகிராமத்துப் பேச்சு கிழக்குச் சரிவில் முட்டி நிற்கும்.

இந்த நோய்க்குச் சபை கண்ட மருந்துதான் ஞானசிங். பர்மா யுத்தத்தில் செய்தி கடத்தும் பிரிவில் இருந்தவர். மலையுச்சியில் ஒரு பாறைக்கடியில் மீதி இரண்டு பெட்டிகளுடன் உட்காருவார். இடது காதில் கோட்டாறு, வலது காதில் அஞ்சுகிராமம். இந்தப் பெட்டியில் கேட்டதை அந்தப் பெட்டியில் சொல்வார். இதற்கு 'மறுபேச்சு நிலையம்' என்று பெயர் சூட்டினார்கள். மறுபேச்சுக்காரர் பதவிக்கு இவரைவிடத் தகுதியானவர் கிடையாது. ஏனென்றால் ஜென்மத்தில் யாரிடமும் மறுபேச்சு பேசாதவர். பட்டாளத்தில் அவருக்குக் கற்பித்த விதி இது: கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல், கண்டதைச் சொல்லாதே. தாணுலிங்கம் இருமினால் ஞானசிங்கும் அதே அளவு இருமுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் சர்ச் ஆராதனை முடித்து மலையேறுகிறவரை இரண்டு ஊர்களும் ஊமை.

இந்தக் கலையின் இன்பம் பேசுவதில் இல்லை. பேச முடியாமல் போய், ஏன் போயிற்று என்று தேடுவதில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தாணுலிங்கத்தின் குரல் மெலிந்துபோகும். பாட்டரியை மாற்றினார், வால்வை மாற்றினார், வீட்டின் வாசலையே மாற்றலாமா என்று ஆசாரியைக் கூப்பிட்டுக் கேட்டார். கடைசியில் பார்த்தால், மாடியில் கட்டியிருந்த ஆகாயக் கம்பியில் அன்னக்கிளி ஈரச் சேலை காயப்போடும் நாட்கள் அவை. இன்னொரு நாள் பெட்டியில் படபடவென்று இரைச்சல். சூரியனில் புயல் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அடுக்களையில் பப்படம் பொரித்து முடிந்ததும் சூரியன் அமைதியடைந்தது. கடற்காற்றில் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். புளி வைத்துத் தேய்த்தால் போகும் என்பது சபையின் மகத்தான விஞ்ஞானக் கண்டுபிடிப்பு. குத்துவிளக்கு துலக்கும் அன்னக்கிளிக்கு இது முன்பே தெரியும். ஆனால் அவள் உறுப்பினர் அல்ல.

தமிழ்ப் பற்றிலும் சபை பின்தங்கவில்லை. ஒருவர் பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்வது பட்டாள வழக்கம். அதைத் தள்ளிவிட்டு 'முடிஞ்சுது' என்று சொல்வதாக ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்த வாரமே வைகுண்டராஜன், "பெரியம்மைக்குக் காய்ச்சல். முடிஞ்சுது" என்றார். கோட்டாற்றிலிருந்து இரண்டு வண்டி நிறையச் சொந்தக்காரர்கள் ஒப்பாரியோடு போய் இறங்கினார்கள். பெரியம்மாவே வாசலுக்கு வந்து, யார் செத்தது என்று விசாரித்தாள். மறுநாள் 'ஓவர்' மறுபடியும் பதவியேற்றது.

இத்தனை பெரிய தொண்டு அரசாங்கத்தின் கண்ணில் படாமல் போகுமா? திரு-கொச்சி ராஜ்யத்தின் கடைசி ஐப்பசியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. சபையார் உரிமம் இல்லாமல் ஆகாயத்தில் பேசிவருவதாக மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கிறது. பரிசோதகர் நேரில் வந்து பேச்சைக் கேட்பார். திருப்தியானால் உரிமம், இல்லையென்றால் நான்கு பெட்டிகளும் பறிமுதல்.

பெட்டிகளைக் காப்பாற்ற என்ன வழி என்று தாணுலிங்கம் காகிதத்தை மறுபடி படித்தார். பறிமுதலைவிடப் பயமுறுத்தியது அதில் கண்ட ஏழாவது விதி. 'உரிமம் பெறுவோர், தந்தி கொடுக்கத் தகுதியில்லாத அளவுக்கு முக்கியமற்ற விஷயங்களை மட்டுமே பேசவேண்டியது. வியாபாரம், அரசியல், உதவி கோருதல் மற்றும் பயனுள்ள தகவல் எதுவும் கூடாது.'

நாற்பத்தாறு வயதுக்குள் தாணுலிங்கத்தின் வாய் ஒருமுறைகூட லாபமில்லாமல் திறந்ததில்லை. கொட்டாவி விட்டால்கூட, எதிரே நிற்பவன் சலித்துப்போய் விலையைக் குறைக்கட்டும் என்றுதான் விடுவார். அப்படிப்பட்டவர் பயனில்லாமல் பேச வேண்டுமென்றால் லேசா? அன்னக்கிளியை நீதிபதியாக உட்காரவைத்துப் பயிற்சி தொடங்கினார். பேச்சுக்குப் பொருளாகக் காற்றைத் தேர்ந்தெடுத்தார். யாரும் அதை மூட்டை கட்டி விற்பதில்லை என்பதால்.

"காத்து கொள்ளாம்," அதாவது காற்று நன்றாயிருக்கிறது என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். "காத்து கொள்ளாம்... சரக்கு எப்ப ஏத்துத?"

"தோத்துட்டிய," என்பாள் அன்னக்கிளி, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே.

இரண்டு வாரத்தில் கலை கைவந்தது. கைவந்தது மட்டுமல்ல, கடைக்கும் வந்துவிட்டது. கருப்பட்டி என்ன விலை என்று கேட்டு வந்த ஒரு வியாபாரியிடம் வாய் தவறி, "காத்து கொள்ளாம்" என்றார். இது ஏதோ புதிய பேரமுறை என்று மிரண்டுபோன அந்த ஆள் தானாகவே விலையை ஏற்றிக் கேட்டான்.

பரிசோதனை நாளும் வந்தது. கூடவே மூன்று நாளாக விடாத மழையும் வந்தது. பரிசோதகர் திருவனந்தபுரத்துக்காரர். குடையை மடக்கி, சாயா குடித்து, நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு தாணுலிங்கத்தின் பெட்டியருகே அமர்ந்தார். அஞ்சுகிராமத்தில் வைகுண்டராஜனும் மலையுச்சியில் ஞானசிங்கும் ஏழாவது விதியை மனப்பாடம் செய்து தயாராக இருந்தார்கள்.

ஒரு விவரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வைகுண்டராஜனின் கிட்டங்கியில் தாணுலிங்கத்தின் நூற்றிருபது சிப்பம் கருப்பட்டி, எல்லைக்கு அப்பால் மதராஸ் பக்கம் விலை ஏறட்டும் என்று பொறுமையோடு காத்திருந்தது. இதைப் 'பதுக்கல்' என்பவர்கள் பொறுமையின் அருமை தெரியாதவர்கள்.

பேச்சு அமோகமாகத் தொடங்கியது. கேக்குதா என்று இவர் கேட்டார். கேக்குது, உங்களுக்குக் கேக்குதா என்று ஞானசிங் வாயால் பதில் வந்தது. எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்குதா என்று இவர் கேட்டார். இப்படி ஏழு முறை. சட்டசபை நடவடிக்கைகளை ஐந்து வருஷம் குறிப்பெடுத்த அனுபவமுள்ள பரிசோதகர், இதைவிட வெறுமையான பேச்சைத் தம் உத்தியோகத்தில் கேட்டதில்லை என்று மனம் நெகிழ்ந்தார்.

எட்டாவது முறை, தேவாலயத்தில் கல்யாண அறிவிப்பு வாசிக்கிற ஞானசிங்கின் ஏற்ற இறக்கமில்லாத குரலில் வந்தது:

"அத்தான், கடைக்குள்ள வெள்ளம் வந்துட்டு. ஓவர்."

பரிசோதகர் முகம் மலர்ந்தது. "வெள்ளம் வந்நு, அல்லே? நன்னாயி," என்று எழுதிக்கொண்டார்.

இந்த மண்ணின் மொழிச் சிறப்பு இது. தக்கலைக்கு மேற்கே வெள்ளம் என்பது மனிதன் குடிப்பது. அஞ்சுகிராமத்தில் வெள்ளம் என்பது மனிதனைக் குடிப்பது. நடுவே கோட்டாற்றில் உட்கார்ந்திருந்த தாணுலிங்கத்துக்கு இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் புரிந்தது. அஞ்சுகிராமத்துக்கு மேற்கே உள்ள குளம் மழையில் உடைந்திருக்க வேண்டும்.

ஆளைக் கூட்டிச் சிப்பத்தை மேலே ஏற்று என்று சொன்னால் வியாபாரம், உதவி, பயனுள்ள தகவல் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து பெட்டிகள் போய்விடும். சொல்லாவிட்டால் கருப்பட்டி போய்விடும். எத்தனையோ பேரம் பேசியவர்தான். விற்கிறவரும் வாங்குகிறவரும் தாமே ஆகிவிட்ட பேரத்தை அன்றுதான் கண்டார். வாசல்படியோடு நின்றுவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"சந்தோஷம் மக்கா. இங்க காத்து கொள்ளாம். ஓவர்."

வைகுண்டராஜன் சபைக்கு விசுவாசமானவர். பரிசோதகர் கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். விதி மீறாமல் விஷயத்தைச் சொல்ல எவ்வளவு யோசித்தாரோ, அடுத்த செய்தி வந்தது.

"அத்தான், வெள்ளம் இனிக்குது. ஓவர்."

பரிசோதகர் பேனாவை வைத்துவிட்டார். "இனிக்குந்ந வெள்ளமோ? எங்க கிணத்துல ஒரே உப்பாணு. பாக்கியமுள்ள ஊர்," என்றார்.

நூற்றிருபது சிப்பமும் பானகமாகி அஞ்சுகிராமத்துத் தெருவில் ஓடுவது தாணுலிங்கத்தின் மனக்கண்ணில் தெரிந்தது. எவ்வளவு இனிக்குது என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. அதைக் கேட்டால் எத்தனை சிப்பம் கரைந்தது என்று கணித்துவிடுவார். கணித்தால் அது வியாபாரம். கேள்வியை விழுங்கினார். கசந்தது.

"நல்லது மக்கா. இங்கயும் காத்து அப்படியேதான். ஓவர்."

"அத்தான், இப்பம் இடுப்பு மட்டும் வந்துட்டு. ஓவர்."

பரிசோதகர் நிமிர்ந்தார். "இடுப்பு வரையோ?"

"குளிக்கான்," என்றார் தாணுலிங்கம்.

"கடைக்குள்ளயா?"

"சுத்தக்காரன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அன்னக்கிளிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. முன்னால் வந்து, "பெட்டியப் போட்டுட்டு மச்சுல ஏறச் சொல்லுங்க. அவனுக்கு நீச்சல் தெரியாது," என்றாள்.

தாணுலிங்கம் பேசுகுழலை உள்ளங்கையால் பொத்தினார். "ஏட்டி, அது பயனுள்ள தகவல்லா?" என்றார், காதோடு.

அன்னக்கிளி பரிசோதகரின் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கடியப்பட்டணத்திலிருந்து கருவாடு ஏற்றிக் கிழக்கே போன லாரியைத் தெருவில் நின்று மறித்து, கருவாட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு போனாள் என்று பிறகு தெரியவந்தது. உறுப்பினர் அல்லாதவர்கள் இப்படித்தான் அவசரப்படுவார்கள்.

மலையுச்சியிலிருந்து பார்த்தால் அஞ்சுகிராமம் உள்ளங்கை போலத் தெரியும். குளம் உடைந்ததையும், தெரு ஆறானதையும், வைகுண்டராஜன் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதையும் ஞானசிங் கண்ணாரக் கண்டார். ஒரு காதில் கோட்டாறு இருந்தது. ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும். ஆனால் அவர் கேட்டதைச் சொல்பவரே அன்றிக் கண்டதைச் சொல்பவர் அல்லர். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் படம் வைத்துக் கும்பிட வேண்டிய ஒழுக்கம் இது.

"அத்தான், கேக்குதா? ஓவர்."

"கேக்குது. உனக்குக் கேக்குதா? ஓவர்."

பதில் வரவில்லை. பதிலே இல்லாததைவிட முக்கியமற்ற பதில் உலகில் இல்லை என்று மகிழ்ந்து, பரிசோதகர் முத்திரையை எடுத்தார். 'மேற்படி தாணுலிங்கம் எந்தச் சூழ்நிலையிலும் பயனுள்ள எதையும் சொல்ல மாட்டார் என்பதை நேரில் கேட்டறிந்து சான்றளிக்கிறேன்.'

சாயங்காலம் அன்னக்கிளி தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். லாரிக்காரனும் அவளுமாகக் கயிறு போட்டு இழுத்தார்களாம். உடம்பெல்லாம் கருப்பட்டிப் பாகு. வைகுண்டராஜன் உட்கார்ந்த இடத்துக்கு எறும்புகள் வரிசை கட்டின. அஞ்சுகிராமத்தில் இரண்டு நாளைக்குச் சாயாவுக்கு இனிப்புப் போடத் தேவையிருக்கவில்லை.

குடையை மூலையில் சாத்திவிட்டு அன்னக்கிளி ஒன்றுதான் கேட்டாள். "அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டுதா, இல்லையா?"

"அட்சரம் பிசகாம கேட்டுது," என்றார் தாணுலிங்கம், உரிமத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு அளவெடுத்தபடி. "இவ்வளவு தெளிவா ஒரு நாளும் கேட்டதில்ல, கேட்டியா."

மறுவாரம் தாசில்தார் வெள்ள நிவாரணக் குழு அமைத்தார். பன்னிரண்டு பேர். உரிமத்தின் வாசகத்தைப் படித்துப் பார்த்த தாசில்தார், தலைவர் யார் என்று அதற்குமேல் யோசிக்கவில்லை. வீடிழந்தவர்களும் விளைச்சல் இழந்தவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். குழுவினர் ஒவ்வொருவர் சொன்னதையும் முழுசாகக் கேட்டார்கள். கேட்டது என்று சொன்னார்கள். நாட்டு நடப்பு, வானிலை ஆகியவை குறித்து அன்போடு இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் இந்தக் காரியத்துக்கு முறையாக அரசாங்க உரிமம் வைத்திருந்தவர் தாணுலிங்கம் ஒருவர்தான். மற்ற பதினொரு பேரும் உரிமம் இல்லாமலேதான் செய்தார்கள்.